ஓடை மீன்களைக் கணக்கெடுப்பது எப்படி: நூறு மீட்டர் நீரோட்டத்தில் ஒரு நாள் ஆய்வு

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஓர் ஓடையில் என்னென்ன மீன்கள் வாழ்கின்றன என்ற கேள்விக்கு, ஒரு நாள் வலை வீசிக் கிடைத்தவற்றின் பட்டியல் மட்டும் விடையாகாது. அவை எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்த வலையில், எத்தனை மணி நேரத்தில் கிடைத்தன என்பது எழுதப்படாவிட்டால், இருபது ஆண்டுகள் கழித்து அதே ஓடைக்கு வரும் ஒருவரால் அங்கே மீன் குறைந்ததா, பெருகியதா, இடம் மாறியதா என்று சொல்லவே முடியாது. அப்படி வரப்போகும் அந்த ஒருவருக்காகத்தான் கணக்கெடுப்பு செய்கிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் ஒவ்வொரு வேலையும் ஏன் தேவைப்படுகிறது என்பது தானாகவே விளங்கும்.

கடனாநதி, ராமநதி, மணிமுத்தாறு போன்ற தாமிரபரணியின் கிளையாறுகளை நினைவில் கொண்டு இதை எழுதுகிறேன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஆழ்வார்குறிச்சி மையத்தில் பணியாற்றிய எம். அருணாசலம், மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மீன் கூட்டங்கள் பற்றி 2000-ஆம் ஆண்டில் ஒரு விரிவான ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். மீனை மட்டும் எண்ணாமல் அது வாழும் இடத்தையும் சேர்த்தே அளக்கும் அந்த வழிமுறையைத்தான் இன்றும் மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஓடைக்குப் போவதற்கு முன்

ஓடை காப்புக்காட்டுக்குள்ளோ, களக்காடு முண்டந்துறை போன்ற புலிகள் காப்பகத்துக்குள்ளோ இருந்தால், வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஒரு மீனைக்கூடத் தொடக் கூடாது. அனுமதி கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால் விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது. எத்தனை நாள் ஆய்வு, என்ன வலை, எத்தனை மீன்களை மாதிரியாக எடுத்துச் செல்லப் போகிறீர்கள், வேற்று நாட்டு மீன்கள் அகப்பட்டால் என்ன செய்வீர்கள் என்ற நான்கையும் விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். அணைகளுக்குக் கீழே வேலை செய்வதாக இருந்தால், அன்று தண்ணீர் திறந்துவிடுவார்களா என்பதை அணைப் பணியாளர்களிடம் கேட்டறியாமல் ஆற்றில் இறங்கவே கூடாது. வானம் தெளிவாக இருக்கும்போதே நீர்மட்டம் திடீரென உயரக்கூடும்.

அதே அளவுக்கு முக்கியமானது, அந்த ஊரில் மீன் பிடிக்கும் பெரியவர்களிடம் பேசுவது. ஒரு முறை மணல் திட்டு எதுவும் இல்லாத ஒரு பாறைப் பகுதியை நான் தேர்ந்தெடுத்திருந்தபோது, கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, இங்க ஆரால் கிடைக்குமா?" என்று கேட்டேன். "இங்க எப்படித் தம்பி இருக்கும்? அது மணல்ல புதையுற சாதி. அந்த வளைவு தாண்டிப் போய்ப் பாருங்க" என்றார். அவர் சொன்ன வளைவில் ஆரால் இருந்தது. எந்த மீன் எங்கே கிடைக்கும், எந்த மாதத்தில் சினையோடு இருக்கும், எது முன்பு கிடைத்து இப்போது கிடைப்பதில்லை என்று அவர்கள் சொல்வதை, அவர்கள் சொல்லும் பெயரிலேயே தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அயிரை, உளுவை, குறவை, கெளுத்தி, விலாங்கு என்று ஊர்ப்பெயர் தெரிந்தால் அறிவியல் பெயரைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம். ஊர்ப்பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டால் அந்த நினைவு அவர்களோடு போய்விடும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்து அளத்தல்

நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அதற்குள் கற்களின் மேல் சலசலத்து ஓடும் ஆழமற்ற நீரும், அமைதியாக ஓடும் நடுத்தர ஆழமும், குறைந்தது ஒரு கசமும் (நீர் தேங்கி நிற்கும் ஆழமான மடு) இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த மூன்றிலும் வாழும் மீன்கள் வெவ்வேறு. தொடக்கத்தையும் முடிவையும் ஜிபிஎஸ் கருவியில் குறித்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், அசையாத ஒரு பெரும்பாறையையோ பாலத்தையோ அடையாளமாகக் கொண்டு வரைபடமும் வரைந்து, மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் நின்று படமெடுத்து வையுங்கள். மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில் ஜிபிஎஸ் காட்டும் இடம் சில மீட்டர்கள் தள்ளிப் போவது வழக்கம்.

பத்து மீட்டருக்கு ஒரு முறை ஓடையின் குறுக்கே அளவு நாடாவைப் பிடித்து அகலத்தை அளக்க வேண்டும். அந்தக் குறுக்குக் கோட்டில் ஐந்து இடங்களில், அளவு குறித்த கம்பை நிறுத்தி ஆழத்தைப் பார்க்க வேண்டும். கம்பு தொடும் இடத்தில் அடித்தளம் என்ன என்பதையும் அங்கேயே எழுதுங்கள்: 256 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை பாறாங்கற்கள், 64 முதல் 256 வரை உருண்டைக் கற்கள், 2 முதல் 64 வரை சரளை, அதற்கும் கீழே மணல், விரலில் மாவுபோல் ஒட்டுவது வண்டல். கரைமரங்களின் நிழல் நீரில் எத்தனை பங்கு விழுகிறது என்பதும் ஒரு குறிப்புதான்.

நீரோட்டத்தின் வேகத்தை அளக்க விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டால் ஒரு எலுமிச்சம்பழம் போதும். அது ஏறக்குறைய முழுவதும் நீரில் அமிழ்ந்தே மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. பத்து மீட்டர் தூரத்தை அது கடக்க எத்தனை விநாடிகள் ஆகின்றன என்று மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். 20 விநாடிகள் ஆனால் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர். அடியில் நீர் மெதுவாகவே ஓடும் என்பதால் இதை 0.85-ஆல் பெருக்க வேண்டும், அப்போது 0.425 கிடைக்கும். அந்த இடத்தில் ஓடையின் அகலம் 6 மீட்டராகவும் சராசரி ஆழம் 0.3 மீட்டராகவும் இருந்தால், மூன்றையும் பெருக்கக் கிடைக்கும் 0.765 கன மீட்டர், அதாவது விநாடிக்கு 765 லிட்டர், அன்றைய நீர்வரத்து. மீன் குறைந்த ஆண்டில் நீரும் குறைந்திருந்ததா என்ற கேள்வி நாளை எழும்போது, இந்த ஓர் எண்தான் பதில் சொல்லும்.

நீரின் வெப்பநிலை, கார அமில நிலை, கரைந்த ஆக்சிஜன், மின்கடத்துதிறன் ஆகியவற்றைக் காலையில் மீன் பிடிக்கும் முன்பே அளந்துவிடுங்கள். ஆட்கள் இறங்கிக் கலக்கிய பிறகு அளப்பதில் பயனில்லை.

மீன் பிடித்தல்

வேலை எப்போதும் கீழிருந்து மேலாகவே, நீரோட்டத்தை எதிர்த்தே நகர வேண்டும். காலால் கலங்கும் வண்டல் பின்னால் போய்விடும் என்பதால் முன்னால் உள்ள நீர் தெளிவாக இருக்கும், மீனும் மிரளாது. தெளிந்த கசங்களில் முதலில் ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக்குழாய் அணிந்து, முகம் மட்டும் நீருக்குள் இருக்குமாறு மிதந்தபடி எண்ணிவிட்டு, அதன் பிறகு வலையை எடுங்கள். இழுவலையில் அகப்படாத பெரிய மீன்கள் இந்தக் கணக்கில்தான் தெரியும்.

ஆய்வுப் பகுதியின் இரு முனைகளிலும் சிறு கண் வலையால் தடுப்புக் கட்டி, இடையில் இழுவலையும் கைவலையும் கொண்டு ஒரே முயற்சியை மீண்டும் மீண்டும் செய்வது நல்ல முறை. முதல் சுற்றில் பிடித்த மீன்களைத் திரும்ப விடாமல் வாளியில் வைத்துக்கொண்டு, அதே ஆட்களோடு அதே நேர அளவுக்கு இரண்டாம் சுற்றும் செய்ய வேண்டும். முதல் சுற்றில் 48, இரண்டாவதில் 16 மீன்கள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். 48-ஐ 48-ஆல் பெருக்கி, இரண்டு சுற்றுகளுக்கும் உள்ள வித்தியாசமான 32-ஆல் வகுத்தால் 72 வரும். அந்தப் பகுதியில் இருந்த மீன்களின் மதிப்பீடு அதுவே, கண்ணில் பட்டவை 64 மட்டுமே என்றாலும். இரண்டாம் சுற்றில் கிடைப்பது முதலாவதைவிடத் தெளிவாகக் குறையாவிட்டால் இந்தக் கணக்கு பொருந்தாது, மூன்றாம் சுற்றுக்குப் போக வேண்டும். மதிப்பீட்டை இனவாரியாகத் தனித்தனியே செய்வதுதான் சரி. பாறைக்கடியில் பதுங்கும் மீனும் நடுநீரில் நீந்தும் மீனும் வலைக்கு ஒரே அளவில் அகப்படுவதில்லை.

பாறைகள் நிறைந்த ஓடையில் வீச்சு வலை சிக்கிக் கிழியும் என்பதால் அதை அகன்ற கசங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செவுள் வலையை இரவு முழுவதும் கட்டிவிட்டுப் போவதை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்கமாட்டேன். மீன் செத்துப்போவதோடு, ஆமையும் நீர்நாயும் அதில் சிக்கி மூச்சுத் திணறும். தவிர்க்க முடியாமல் பயன்படுத்த நேர்ந்தால் பகலில், பக்கத்திலேயே இருந்து, அரை மணிக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். மின்சாரம் பாய்ச்சி மயக்கிப் பிடிக்கும் கருவி, பயிற்சியும் தனி அனுமதியும் பெற்ற குழுக்களுக்கு மட்டுமே உரியது.

எந்த வலை, கண் அளவு என்ன, எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்பதை ஒவ்வொரு முயற்சிக்கும் எழுதுங்கள். ஒரு மீனும் அகப்படாத முயற்சியையும் எழுத வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தச் சுழியத்தைத்தான்.

கையில் இருக்கும் மீன்

என் தொடக்க ஆண்டுகளில், ஓர் ஏப்ரல் நண்பகலில், அளவெடுக்கும் அவசரத்தில் வாளியின் மேலிருந்த நிழல் விலகிப்போனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வேகமான நீரிலேயே வாழ்ந்து பழகிய சிறு மீன்கள் பதினொன்று முதலில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தன. 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். மலையோடை மீனுக்கு இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. அந்தப் பதினொன்றையும் எண்ணிப் பதிவுத் தாளில் எழுதினேன். அன்றிலிருந்து வாளியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒருவரை நியமிக்காமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை. அவருக்கு வேறு எந்தப் பொறுப்பும் கொடுக்கக் கூடாது. வாளி நிழலிலேயே இருக்க வேண்டும், பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாய் உள்ளே குமிழிவிட்டபடி இருக்க வேண்டும், கால் மணிக்கு ஒரு முறை பாதி நீரை மாற்ற வேண்டும், பெரிய கெளுத்தியையும் சிறு கெண்டையையும் ஒரே வாளியில் போடக் கூடாது.

கையை நன்றாக நனைத்துக்கொண்டே மீனைத் தொடுங்கள். உலர்ந்த கை, மீனின் உடல்மேல் உள்ள வழவழப்பான படலத்தை உரித்தெடுத்துவிடும். நோயிலிருந்து அதைக் காப்பது அந்தப் படலம்தான். மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடிவரை உள்ள நீளத்தையும் முழு நீளத்தையும் மில்லிமீட்டரில் அளந்து, எடையையும் குறித்து, இடப்பக்கம் தெரியுமாறு அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். ஒரு மீனுக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது.

படமெடுக்க, நீர் நிரப்பிய சிறிய கண்ணாடித் தொட்டி ஒன்றை எடுத்துப் போவது மிகப் பயனுள்ளது. கர்ரா பேரினத்து மீன் ஒன்றை அதில் விட்டால், சற்று நேரத்தில் அது கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அப்போது கீழிருந்து பார்த்தால் அதன் கீழுதடு ஒரு சிறு வட்டத் தட்டாக விரிந்து அழுந்தியிருப்பதும், மார்புத் துடுப்புகள் இரண்டு பக்கமும் விசிறிபோல் பரந்து கிடப்பதும் தெரியும். வெள்ளத்திலும் அடித்துச் செல்லப்படாமல் பாறையில் பற்றிக்கொண்டு, அதன் மேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்பதற்கான அமைப்பு அது. மணல் அள்ளுவதாலோ, மேலே காடு அழிவதாலோ பாறையின் மேல் வண்டல் படிந்தால், அந்தத் தட்டுக்குப் பற்றுவதற்கு இடமும் இருக்காது, உண்பதற்குப் பாசியும் இருக்காது. அடித்தளத்தை ஏன் அவ்வளவு பொறுமையாக அளந்தோம் என்று இதைப் பார்த்த மாணவர் யாரும் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

களத்தில் பெயர் தீர்மானிக்க முடியாத இனத்தில் மட்டும், அனுமதியில் குறித்த எண்ணிக்கைக்குள், மாதிரி எடுங்கள். துடுப்பின் சிறு துணுக்கை முதலில் வெட்டி 95 விழுக்காடு எத்தனாலில் போட வேண்டும். மரபணு ஆய்வுக்கு உதவுவது அந்தத் துணுக்குதான், ஃபார்மலினில் போட்ட உடல் அதற்குப் பெரும்பாலும் பயன்படாது. உடலைப் பத்து விழுக்காடு ஃபார்மலினில் பதப்படுத்திப் பிறகு 70 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்ற வேண்டும். ஃபார்மலின் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதால் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். இடமும் நாளும் எழுதிய சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டியின் உள்ளே போடுங்கள், வெளியே ஒட்டிய சீட்டு உதிர்ந்துவிடும். இறுதியில் மாதிரிகளைச் சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் போன்ற பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். தனியார் அலமாரியில் இருக்கும் மாதிரி அறிவியலுக்கு இல்லாததற்குச் சமம்.

பெயர் வைக்கும் பொறுப்பு

செதில் எண்ணிக்கை, மீசைகளின் எண்ணிக்கை, வாயின் அமைப்பு, துடுப்புக் கதிர்கள், புள்ளிகள் இருக்கும் இடம் ஆகியவற்றைப் பார்த்தே இனத்தை முடிவு செய்ய வேண்டும். பழைய பட்டியல்களைப் படிக்கும்போது பெயர்கள் மாறியிருப்பதை மறக்காதீர்கள். தாமிரபரணிக்கே உரிய தாம்பிரபர்ணியெய் என்னும் கெண்டையை, 1950-களில் மீனியலாளர் இ. ஜி. சைலஸ், காவிரிப் படுகையின் அருலியஸ் இனத்தின் ஒரு துணையினமாகவே விவரித்தார். அதன் பேரினமும் 2012-இல் டாக்கின்சியா என்று மாறியது. ஆகவே, பழைய பட்டியலில் அருலியஸும் உங்கள் பட்டியலில் தாம்பிரபர்ணியெய்யும் இருந்தால், ஒரு மீன் அழிந்து இன்னொன்று வந்தது என்று எழுதிவிடக் கூடாது. கலிஃபோர்னியா அறிவியல் கழகம் இணையத்தில் பராமரிக்கும் மீன் பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயரின் வரலாற்றையும் சரிபார்க்கலாம்.

பெயர் தெளிவாக இல்லாததன் விலை என்ன என்பதைக் காவிரியின் திமில் மஹ்சீர் என்னும் பெரிய கெண்டை வகை மீன் காட்டியது. 1946-இல் காவிரியின் கிளையாறான கபினியில் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடையுள்ள ஒன்று தூண்டிலில் பிடிபட்டது. உலகெங்கும் தூண்டில்காரர்களுக்குத் தெரிந்த அந்த ஆரஞ்சு வால் மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர் மட்டும் பல பத்தாண்டுகள் இல்லை. இதற்கிடையே 1970-களிலிருந்து, மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் வளர்க்கப்பட்ட நீலத் துடுப்பு மஹ்சீர் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. மஹ்சீரைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்ல எண்ணத்தோடுதான் அது செய்யப்பட்டது. மீன் ஆய்வாளர்களான ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலியோர், 1998 முதல் 2012 வரையிலான தூண்டில் முகாம் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, மொத்த மஹ்சீர் எண்ணிக்கை கூடியிருந்தும் அதில் திமில் மஹ்சீரின் பங்கு சரிந்துபோயிருந்தது தெரியவந்தது. மோயாற்றில் கிடைத்த மீன்களை ஆராய்ந்து, திமில் மஹ்சீர் என்பது கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து முன்பே விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவி என்ற இனமே என்று 2018-இல்தான் உறுதிசெய்தார்கள். அதே ஆண்டில் அது மிக மோசமாக அழியும் நிலையில் உள்ள இனமாக, அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் உலகச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்தப் பதிவேடுகளில் மீன் பிடித்த நேரமும் மீனின் வகையும் தனித்தனியே எழுதப்பட்டிருந்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது. "மஹ்சீர், இத்தனை" என்று மட்டும் எழுதியிருந்தால், ஆற்றில் எல்லாம் நலம் என்றே முடிவு கட்டியிருப்பார்கள். ஆகவே இனம் உறுதியாகத் தெரியாதபோது, தெரிந்த பேரினத்தோடு நிறுத்தி, படத்தையும் மாதிரி எண்ணையும் குறித்து வையுங்கள். எதையோ ஒரு பெயரை ஊகித்து எழுதிவிடாதீர்கள்.

எண்களைப் படித்தல்

எத்தனை இனங்கள், எவ்வளவு சமமாக இருக்கின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்லும் பன்மயக் குறியீடுகளைக் கணக்கிட்டு அத்தோடு அறிக்கையை முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை. நான்கு இனங்கள் சம எண்ணிக்கையில் இருந்தால், அவற்றுள் ஒன்றான ஷானன் குறியீடு 1.39 என்று வரும். அந்த நான்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய மீன்களாக இருந்தாலும் சரி, ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் கப்பியும் மீன் தொட்டியிலிருந்து வீசப்பட்ட சக்கர் மீனுமாக இருந்தாலும் சரி, எண் அதேதான். ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது என்பதோ, ஓர் இனம் உலகில் வேறெங்கும் இல்லை என்பதோ அந்தக் குறியீட்டுக்குத் தெரியாது. ஆகவே இவ்விடத்துக்கே உரியவை, இந்தியாவின் பிற படுகைகளிலிருந்து வந்தவை, வேற்று நாட்டவை என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் எடையும் எவ்வளவு என்று காட்டுங்கள். அடுத்து, ஒவ்வொரு இனமும் எந்த ஆழத்தில், எந்த வேகத்தில், எந்த அடித்தளத்தில் கிடைத்தது என்று அட்டவணை போடுங்கள். ஓர் இனம் உருண்டைக் கற்களுக்கிடையே மட்டும் கிடைக்கிறது என்று அட்டவணை சொன்னால், அங்கே தடுப்பணை கட்டி நீர் தேங்கும்போது முதலில் போவது எது என்று ஊருக்கும் அதிகாரிகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட முடியும்.

தாமிரபரணிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் நீர் தருவதால், ஆண்டுக்கு ஒரே ஒரு கணக்கெடுப்பு போதாது. கோடையில் ஒன்றும், ஒவ்வொரு பருவமழைக்குப் பின் வெள்ளம் வடிந்ததும் ஒன்றுமாக மூன்று முறை செல்ல வேண்டும். குஞ்சுகள் எந்தப் பருவத்தில், எந்தக் கரையோரத்தில் கூடுகின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

பதிவுத் தாள்களை அன்று மாலையே, முகாமிலேயே, இருவர் உட்கார்ந்து ஒருவர் படிக்க ஒருவர் கணினியில் ஏற்ற வேண்டும். ஈரத்தில் கரைந்த எழுத்தை ஒரு வாரம் கழித்து யாராலும் மீட்க முடியாது. அறிக்கையின் ஒரு பிரதி வனத்துறைக்கும், தமிழில் எழுதிய இரண்டு பக்கச் சுருக்கம் உங்களிடம் பேசிய அந்தப் பெரியவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். படங்களை அவர்களிடம் காட்டினால், நீங்கள் தவறாக எழுதிய ஊர்ப்பெயர்களை அங்கேயே திருத்துவார்கள். மூலத் தாள்களையும் வரைபடத்தையும் வலையின் கண் அளவையும் ஒரே உறையிலிட்டு, கல்லூரி நூலகம் போன்ற ஓர் இடத்தில் பதிவு எண்ணோடு வையுங்கள். அடுத்த பருவத்தில் அந்த உறையை எடுத்துக்கொண்டு, அதே பாறையிலிருந்து, அதே வலையோடு தொடங்குங்கள்.